ஒரு கத்தி, கொஞ்சம் வாழைநார், ஒரு சிரட்டை: காட்டுக் கைவேலையை இங்கிருந்து தொடங்குங்கள்

காட்டில் கிடைப்பதை வைத்துக் கையால் செய்துகொள்ளும் வேலைக்கு ஆங்கிலத்தில் புஷ்கிராஃப்ட் என்று பெயர். அதை யூடியூபில் தேடினால் பனி விழுந்த காடு வரும், கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வருவார், பிர்ச் மரப்பட்டையை உரித்துத் தீ மூட்டுவார், ஸ்புரூஸ் வேரைக் கிழித்துக் கூடை கட்டுவார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஸ்வீடன் கத்தி, தீப்பொறிக் கம்பி, பெரிய முதுகுப்பை என்று ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் போக இடம் இல்லாமல், செய்ய வேலையும் தெரியாமல் எல்லாவற்றையும் பரண் மேல் போட்டுவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் ஆர்வம் நிறையவே இருந்தது. தப்பு நடந்தது பொருளில்தான். நம் ஊரில் பிர்ச்சும் ஸ்புரூஸும் கிடையாது. ஆனால் பிர்ச் பட்டை செய்யும் வேலையை இங்கே பனையின் பன்னாடை (மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் நார்) செய்யும், ஸ்புரூஸ் வேர் செய்வதைப் பனைநார் செய்யும், பைன் பிசினுக்குப் பதில் நம்மிடம் குங்கிலியம் இருக்கிறது. வீடியோவில் அவர்கள் கையைப் பாருங்கள், பொருளை நம் தோப்பில் தேடுங்கள்.

நான் கற்றது பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம், தேரிச் செம்மணலை ஒட்டிய ஒரு விளையில் (பனந்தோப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள்), பனை ஏறும் ஒரு பெரியவரிடம். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையில் இருந்தது ஒரு பாளை அருவாள், ஒரு தீட்டுப் பலகை, இடுப்பில் கொஞ்சம் நார். அதை வைத்துக்கொண்டே பெட்டி, கயிறு, விசிறி, பதநீர் குடிக்க ஓலைப் பட்டை என்று என்ன வேண்டுமானாலும் செய்துவிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை அவரிடமிருந்து வந்ததுதான்: முதலில் கத்தி, அப்புறம் கயிறு, அப்புறம் ஒரு முழுப் பொருள். தீயும் கூடாரமும் பிறகு.

எங்கே செய்வது

காட்டில் வேண்டாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் தீ மூட்டுவதும் மரம் வெட்டுவதும் குற்றம். கீழே கிடக்கும் காய்ந்த விறகைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு எடுத்து வர முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது நினைவிருக்கும், அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. காட்டைப் பார்க்க ஆசை என்றால் 2024-இல் வனத்துறையே 40 பாதைகளை அறிவித்து, பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. போய்ப் பாருங்கள், மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள், கத்தி மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

வேலை செய்ய நண்பரின் தோட்டம், தாத்தா ஊர்த் தோப்பு, வீட்டுப் பின்கட்டு, எதுவும் இல்லாவிட்டால் மொட்டை மாடி போதும். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பூக்கடையில் வாழைநார் கேளுங்கள், இளநீர் வண்டிக்காரரிடம் மட்டை கேளுங்கள், மின்வாரியம் கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கும் கிளைகளை வெட்டிப் போடும் நாளில் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள், பூவரசும் வேம்பும் வண்டி வண்டியாகக் கிடக்கும்.

கத்தி

மடக்குக் கத்தி வேண்டாம், அழுத்தும்போது சில கத்திகள் விரல் மேலேயே மடங்கிவிடும். நான்கு அங்குல அலகு உள்ள, மடங்காத ஒரு கத்தி, அதோடு ஒரு சின்னக் கொடுவாள். இரண்டையும் கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்யலாம். லாரியின் வில்பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள், நல்ல எஃகு அது, தண்ணீரில் தோய்க்கும் பதம் தெரிந்த கொல்லர் கையில் பட்டால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கூர்மையில்லாத கத்திதான் கையை வெட்டும். கூர் இருந்தால் மெல்ல அழுத்தினாலே போகும், கூர் இல்லாவிட்டால் நீங்கள் பலம் கொடுப்பீர்கள், பலம் கொடுத்த கத்தி சறுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. என் இடது ஆள்காட்டி விரலில் இன்றும் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான், மழுங்கிய கத்தி மூங்கிலில் மாட்டிக்கொண்டது, பிடுங்கினேன். அண்ணாச்சி தன் அருவாளைத் தீட்டுவது ஒரு மரப்பலகையில், அதன் மேல் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லைப் பொடித்துத் தூவி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒரே சாய்வில் இழுப்பார். உங்களுக்குக் கடையில் கிடைக்கும் சாணைக்கல்லே போதும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, அலகின் முதுகுப்பக்கம் கல்லிலிருந்து ஒரு பென்சில் கனம் உயர்ந்திருக்கும்படி பிடித்து, ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறுபக்கம் பத்து. செய்தித்தாளின் ஓரத்தை இழுக்காமல் கிழிக்காமல் அறுத்தால் கூர் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை வேலை தொடங்கும் முன்பும் இதைச் செய்யுங்கள்.

உட்காரும் முறையும் முக்கியம். முழங்கைகள் இரண்டையும் முழங்கால்கள் மேல் ஊன்றி, குச்சி முழங்காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், கத்தி உங்களை விட்டு வெளியே போகட்டும். தொடை மேல் வைத்துச் சீவவே கூடாது, தொடையின் உள்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரம் இருக்காது. கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் குழந்தையோ நாயோ வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். வெட்டுப்பட்டால் காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம், சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், ஆழமாக இருந்தால் தையலுக்கும் டிடி ஊசிக்கும் போய்விடுங்கள்.

முதல் வேலை ஒரு முளைக்குச்சி. ஆடு கட்ட அடிக்கிறோமே, அதேதான், கூடாரம் கட்டவும் அதுவே உதவும். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான பச்சைக்குச்சி, ஒரு அடி நீளம். பூவரசு கிடைத்தால் நல்லது, பச்சையாக இருக்கும்போது வெண்ணெய் மாதிரி சீவும். சீமைக்கருவேலம் காய்ந்தால் இரும்பு, பச்சையிலும் கொஞ்சம் கடினம்தான், ஆனால் அதை எவ்வளவு வெட்டினாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். முள்ளை மட்டும் முதலில் கழித்துவிடுங்கள், குத்தி உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்கும். ஒரு முனையைக் கட்டையின் மேல் ஊன்றிக் கொடுவாளால் நான்கு பக்கமும் சீவிக் கூராக்குங்கள். தலைப்பக்கத்தின் ஓரத்தைச் சுற்றிலும் மழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடிக்கும்போது பிளந்துவிடும். தலையிலிருந்து இரண்டு விரல் கீழே, கயிறு மாட்ட ஒரு கொத்து: முதலில் நேராக ஒரு அறுப்பு, அப்புறம் கூர்முனைப் பக்கமிருந்து தலையை நோக்கிச் சாய்வாகச் சீவி அந்த அறுப்பில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அறுப்பில் போய்க் கத்தி தானாக நிற்கும் அந்த உணர்வு கைக்குப் பழகும்வரை பத்து முளை செய்யுங்கள். பத்தாவதை முதலாவதோடு வைத்துப் பாருங்கள்.

கயிறு

இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட விரும்புகிறேன். கருவி எதுவும் வேண்டாம், பேருந்தில் உட்கார்ந்தும் செய்யலாம், ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் மறக்காது.

வாழைநாரில் தொடங்குங்கள். வாழை ஒரு தார்தான் போடும், தார் வெட்டிய பிறகு மரத்தை எப்படியும் சாய்த்துவிடுவார்கள், அதனால் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். காய்ந்த வெளிப்பட்டையைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து உதறுங்கள். அண்ணாச்சியிடம் முதல் நாள் நான் உலர்ந்த நாரையே திரித்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, "தம்பி, நனைக்காத நாரு சொன்ன பேச்சு கேக்காது" என்றார். அது உண்மை. காய்ந்தது முறுக்கும்போதே ஒடியும்.

இரண்டடி நார் ஒன்றை எடுங்கள். நட்டநடுவில் பிடிக்காமல் ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கும்படி பிடியுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தீராது. பிடித்த இடத்தில் இரண்டு கையாலும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நார் தானே மடங்கிச் சின்னக் காது மாதிரி சுருண்டு நிற்கும். அந்தக் காதை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடியுங்கள். இப்போது வலது பக்கம் இரண்டு புரி நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று உங்களுக்குக் கிட்டே, ஒன்று எட்டே.

எட்ட இருப்பதை எடுங்கள். வலது கை விரல்களால் அதை உங்களை விட்டு வெளியே போகும் திசையில் நன்றாக முறுக்குங்கள். முறுக்கு அவிழ விடாமல் அதைக் கிட்ட இருக்கும் புரியின் மேலாக உங்கள் பக்கம் கொண்டுவந்து போடுங்கள். இடது கைவிரலை அரை அங்குலம் நகர்த்தி அந்தச் சந்திப்பைப் பிடியுங்கள். முன்பு கிட்ட இருந்தது இப்போது எட்ட இருக்கிறது. அதை எடுங்கள், வெளியே முறுக்குங்கள், உள்ளே போடுங்கள். இவ்வளவுதான்.

இது ஏன் அவிழாமல் நிற்கிறது என்பது அழகான விஷயம். ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கப்பட்டு அவிழப் பார்க்கிறது, இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொள்வது அதற்கு எதிர்த் திசையில். ஆகவே புரி அவிழ முயன்றால் கயிறு இறுகும், கயிறு அவிழ முயன்றால் புரி இறுகும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. தேங்காய் நார்க்கயிறு, கப்பல் வடம், தேர் வடம் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இதே கணக்குதான்.

ஒரு புரி மெலியத் தொடங்கினால், தீர்ந்துபோகும்வரை காத்திருக்காமல் மூன்று அங்குலம் இருக்கும்போதே புது நாரை அதோடு சேர்த்து வைத்து ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்ப்பு வந்தால் அந்த இடத்தில்தான் அறும். முதல் முழம் எலியை விழுங்கிய பாம்புக்குட்டி மாதிரி மேடும் பள்ளமுமாக வரும், மூன்றாவது முழத்தில் சீராகிவிடும்.

வாழைநார் கற்க நல்லது, பலத்துக்கு அல்ல. பலம் வேண்டும் என்றால் கற்றாழை நார், அல்லது பனைமட்டையிலிருந்து உரிக்கும் அகணி நார், கட்டில் பின்னுவது அதில்தான். மட்டையைத் தொடும் முன் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கருக்கைச் சீவி எறிந்துவிடுங்கள், அது ரம்பம், உள்ளங்கையை அறுத்துவிடும். எருக்கு நாரும் மிக உறுதியானது, பட்டுப்போல இருக்கும், ஆனால் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, ஆகவே தண்டு நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும்.

கயிறு கைக்கு வந்ததும் வைக்கோலில் ஒரு பிரிமணை செய்துவிடுங்கள். நனைத்த வைக்கோலைப் பருமனாகப் பிரியாகத் திரித்து, ஒரு சாண் வட்டமாக இரண்டு மூன்று சுற்று சுற்றி, அதன் மேல் இன்னொரு பிரியை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து முனையை உள்ளே செருகினால் முடிந்தது. அடி உருண்டையான மண்பானை ஆடாமல் நிற்கும். எங்கள் வீட்டில் என் அம்மா இன்றும் தண்ணீர்ப் பானையை நான் செய்த பிரிமணையில்தான் வைத்திருக்கிறார், வருடம் ஒன்று மாற்றுவோம்.

ஓலையைப் பற்றிக் கொஞ்சம்

ஓலைப் பின்னலை எழுத்தில் முழுவதும் சொல்லிவிட முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால் ஓலையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும், அதைச் சொல்கிறேன். பெட்டிக்கும் கொட்டானுக்கும் (சின்ன ஓலைக்கூடை) விரியாத குருத்தோலை, முற்றிய சாரோலை கரடுமுரடான வேலைக்கு. குருத்தை வெட்ட வெட்ட மரம் நோகும், ஒரு மரத்தில் அடிக்கடி எடுக்கக் கூடாது. எடுத்த ஓலையை விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் வெளுக்கவிட்டு, நடுவில் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒரே அகலத்துக்கு வார்ந்துகொள்ளுங்கள். பின்னும் முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடங்கும், ஒடியாது. பின்னுகிற பெண்கள் பலர் விடியற்காலையில் உட்காருவதும் காற்றில் இருக்கும் அந்த ஈரத்துக்காகத்தான்.

எட்டு ஓலை நெடுக்கே, எட்டு குறுக்கே, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று ஒரு சதுரம் பின்னுங்கள். இடைவெளி தெரியாமல் ஒவ்வொரு வரியையும் நகத்தால் தள்ளி நெருக்குங்கள். இது மட்டும் ஒரு வாரம். மூலையை மடக்கி மேலே எழுப்புவதைப் பிறகு யாரிடமாவது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுக் கொட்டானைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும், புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பின்னலும் இதே ஒன்று மேல் ஒன்று கீழில்தான் தொடங்குகிறது.

சிரட்டை அகப்பை

எங்கள் பக்கம் சிரட்டை, உங்கள் பக்கம் கொட்டாங்குச்சியாக இருக்கலாம். முழுமையாகச் செய்து முடித்து வீட்டில் பயன்படுத்தும் முதல் பொருளாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

நன்றாக முற்றிய தேங்காய், கண் இல்லாத பாதி. உடைக்கும்போது ஒரே அடியில் போடாமல், கையில் வைத்து உருட்டிக்கொண்டே நடுவரியில் கொடுவாளின் முதுகால் தட்டிக்கொண்டு வந்தால் சமமாகப் பிளக்கும். தேங்காயோடு இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், பருப்பு சுருங்கித் தானாகக் கழன்று வரும். வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் நாரை, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். அதற்குப் பிறகு உடைந்த கண்ணாடித் துண்டின் ஓரம் (பிடிக்கும் பக்கத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்), அதற்குப் பிறகு முரட்டு உப்புத்தாள், கடைசியில் நைஸ் உப்புத்தாள். இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் பழுப்பாக, மங்கலாக, நாய் கடித்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து அதன் அடியிலிருந்து கருமையான மேற்பரப்பும் அதில் ஓடும் மெல்லிய வரிகளும் எழுந்து வரும், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் கருங்காலி போல மின்னும்.

விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே ஒரு துளை, நேர் எதிரே சின்னதாக இன்னொன்று. ஆணியை வைத்து அடித்தால் சிரட்டை பிளந்துவிடும். ஆணியைக் குறட்டால் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அழுத்துங்கள், புகைந்துகொண்டே இறங்கும், அப்புறம் கத்தி முனையால் சுழற்றித் துளையைப் பெரிதாக்கலாம். பிடிக்குக் காய்ந்த மூங்கில் சிம்பு, ஒன்றரை அடி. முனையிலிருந்து சிரட்டையின் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் மெல்லியதாகச் சீவி, அந்த இடத்தில் ஒரு தோள் விடுங்கள். மெல்லிய பகுதி முதல் துளையில் நுழைந்து, சிரட்டையைக் குறுக்கே கடந்து, எதிர்த் துளையில் வெளியே எட்டிப் பார்க்கும், தோள் வெளியிலேயே தடுத்து நிற்கும். எட்டிப் பார்க்கும் முனையில் சிறு துளையிட்டு ஈர்க்குத் துண்டு ஒன்றை ஆப்பாகச் செருகிவிடுங்கள். பசை தேவையே இல்லை. அரிசி கழுவிய நீரில் ஒருமுறை கொதிக்கவைத்துக் காயவைத்தால் சாம்பார் அள்ளலாம்.

தீ, தார்ப்பாய்

தீ மூட்ட ஒரு தீக்குச்சி போதும் என்ற நிலைக்கு முதலில் வாருங்கள், தீப்பொறிக் கம்பி அதற்கு அப்புறம். செடி கொடி இல்லாத வெறும் மண்ணில் ஒரு முழங்குழி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், காற்றடிக்கும் நாளில் தொடவே வேண்டாம். காய்ந்த பன்னாடையைக் கசக்கிப் பஞ்சாக்கி, அதன் மேல் ஈர்க்கு, அதன் மேல் பென்சில் பருமன் சுள்ளி, கடைசியில் விறகு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கூடாரத்துக்கு ஒரு தார்ப்பாய், நீங்கள் திரித்த கயிறு, நீங்கள் சீவிய முளை. வேறு எதுவும் வாங்காதீர்கள்.

தொடக் கூடாதவை

அரளிக் குச்சியை எதற்கும் எடுக்காதீர்கள், அதில் கரண்டி செய்வதும் கறி குத்திச் சுடுவதும் உயிருக்கு ஆபத்து. கள்ளிப்பால் கண்ணுக்கு ஆகாது. சேங்கொட்டை தோலைப் புண்ணாக்கும். பிச்சாவரம் பக்கம் போனால் தில்லை மரத்தின் பாலும் அப்படித்தான். மரம் என்ன என்று தெரியாவிட்டால் வெட்டக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஓலைக் குவியலிலோ மட்டைக் குவியலிலோ கை வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள், தேளும் விரியனும் அங்கேதான் படுத்திருக்கும். பாம்பு கடித்தால் கயிறு கட்டி இறுக்காதீர்கள், கீறாதீர்கள், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

யாரிடம் கற்பது

பனை ஏறுபவர், முறம் பின்னுபவர், கயிறு திரிப்பவர், பட்டறைக் கொல்லர். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் இன்னும் இருக்கிறார், பெரும்பாலும் வயதானவர், பெரும்பாலும் அவர் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை. பதநீர் காலத்தில் பனையேறிகளுக்குக் காலையும் மாலையும் மரத்தில்தான். அப்போது போய்க் கீழே நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள், மேலே இருப்பவர் கவனம் சிதறக் கூடாது. பகல் பதினொரு மணிவாக்கில் விளைக்குப் போனால் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ந்துகொண்டிருக்கும், அடுப்படியில் இருக்கும் அக்காவோ ஆச்சியோ உட்காரச் சொல்வார்கள். ஓலையை இலவசமாகக் கேட்காதீர்கள், விலை கொடுங்கள். நீங்கள் திரித்த கயிற்றில் ஒரு முழம் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாங்கிப் பார்த்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு எங்கே முறுக்கு குறைகிறது என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.